வடக்கே போன பெட்டி

ஆள் இல்லாமல் திரும்பி வந்த வள்ளத்தை என்ன செய்வதென்று சின்னமுனையில் யாருக்கும் தெரியவில்லை. கார்த்திகைப் புயலுக்கு முந்தின நாள் ஐந்து ஆண்களை ஏற்றிக்கொண்டு போன வள்ளம் அது. புயல் ஓய்ந்து, ஹெலிகாப்டர் வந்து சுற்றிவிட்டுப் போய், வெள்ளைச் சட்டைக்காரர்கள் வந்து கைகூப்பிவிட்டுப் போய், கோயிலில் ஏற்றிய மெழுகுதிரிகளெல்லாம் உருகித் தரையோடு ஒட்டிக்கொண்ட பிறகு, மேற்கே ஏதோ ஒரு கரையில் வள்ளம் கவிழ்ந்து கிடக்கிறது என்று தகவல் வந்தது, லாரி பிடித்துக் கொண்டுவந்தார்கள், கொடிமரத்துக்குப் பக்கத்தில் மணலில் இறக்கினார்கள், இறக்கியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள். அதன்பிறகு வள்ளம் அங்கேயே சாய்ந்து கிடந்தது. அதில் ஏறிக் கடலுக்குப் போக ஒருவருக்கும் மனசில்லை, அடுப்புக்கு வெட்டிப்போட ஒருவருக்கும் கை எழவில்லை, அதன் நிழலில் நாய்கூடப் படுக்கவில்லை, போனவர்களுடைய ஐந்து பெண்சாதிகளும் வாசல் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த வள்ளமாகவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது எஸ்கலின் அதன்முன் நின்றுவிட்டாள். வள்ளத்தின் சொந்தக்காரர் ததேயுவின் மனைவி அவள். பருத்த உடம்பு, கணீரென்ற தொண்டை, புயலுக்குப் பிறகு அந்தத் தொண்டையை ஊர் கேட்டதே இல்லை.

"இது கண்ணு முன்னால கிடந்தா எனக்குச் சோறு இறங்காது. ஒண்ணு கொளுத்துங்க. இல்லேன்னா அதுக்க உருவத்தையாவது மாத்துங்க," என்றாள்.

கொளுத்த யாரும் முன்வரவில்லை. அப்போது மெற்றில்டா, "எனக்குப் பெட்டி அடிக்கத் தெரியும்," என்றாள்.

மெற்றில்டா கடற்கரைப் பெண் இல்லை. உள்நாட்டில் ஒரு சந்தை ஊரில் தக்காளிப் பெட்டி அடிக்கிற கொட்டகையில் வேலை பார்த்தவள். மீன் வண்டியில் அந்தப் பக்கம் வந்த லிகோரி அவளைப் பார்த்து, அடுத்த வாரமும் ஏதோ சாக்குச் சொல்லி வந்து பார்த்து, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் பட்டினி கிடந்து கட்டிக்கொண்டு வந்தான். வந்த புதிதில் கடல் இரைச்சலில் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. லிகோரி தன் இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் காதுகளைப் பொத்திக்கொண்டு, "தக்காளி, தூங்கு," என்பான். பெண்டாட்டியை அவன் கூப்பிடுகிற பெயரே அதுதான். புயலுக்கு அடுத்த வாரம், ஒரு மத்தியான நேரத்தில், கிணற்றடியில் மீன் அரிந்துகொண்டிருந்தபோது, அவன் இனி இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்ல வராது. கத்தியைக் கீழே வைத்தாள், சும்மா இருந்தாள், பிறகு எடுத்து மிச்ச மீனையும் அரிந்தாள்.

"என்ன பெட்டி?" என்று லிகோரியின் தாய் பெர்பெத்தம்மா கேட்டாள். சின்னமுனையில் பெட்டி என்றால் ஒரே பெட்டிதான். அதற்குள் ஆள் இருக்கும்.

"செடி வைக்கிற பெட்டி மாமி. மண்ணு போட்டுச் செடி வைக்கலாம்."

பங்குச் சாமியார் தலையாட்டினார். மறுநாள் காலையில் ஐந்து பெண்களும் கடப்பாரையும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரே மரம்போல இறுகியிருந்த பலகைகள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. செம்பாணிகள் வளைந்தன, இரும்பாணிகள் தொட்டால் துருவாக உதிர்ந்தன, இடுக்குகளில் திணித்திருந்த பஞ்சும் தாரும் கறுத்த திரியாக முழம் முழமாக வெளியே வந்தது, வந்ததையெல்லாம் எஸ்கலின் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டாள். பலகைகளைக் கிணற்று நீர் ஊற்றி ஊற்றிக் கழுவினார்கள். உப்புப் போய்விட்டதா என்று பார்க்க மெற்றில்டா பலகையில் நாக்கை வைத்துப் பார்ப்பாள், "இன்னும் இருக்கு," என்பாள், மறுபடியும் ஊற்றுவார்கள். அவளுக்குத் தெரிந்த அளவு தக்காளிப் பெட்டியின் அளவு. ஆனால் பலகையை அவ்வளவு குட்டையாக அறுக்க மற்றவர்களுக்கு மனம் வரவில்லை, கொஞ்சம் நீளமா இருக்கட்டுமே மக்ளே, இன்னும் கொஞ்சம், என்று சொல்லிச் சொல்லிப் பெட்டிகள் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கிற நீளத்துக்கு வந்து நின்றன. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடிப்பலகையில் துளை போட்டாள், உள்ளே கிழிந்த வலையை விரித்தாள், மண் கரைந்து போகாமல் இருக்க அதுதான் வழி என்றாள். வெளியே வள்ளத்தின் நீலச்சாயத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

அவரவர் புருஷன் எந்த இடத்தில் உட்காருவானோ அந்த இடத்துப் பலகை அவரவர் பெட்டிக்குப் போனது. ததேயு அமரத்தில், சுக்கானைப் பிடித்துக்கொண்டு இருப்பவர். அமரத்துப் பலகைகள் எஸ்கலினுக்கு. லிகோரி அணியத்தில், அலை முதலில் வந்து அறைகிற இடத்தில் இருப்பவன். அணியத்துப் பலகைகள் மெற்றில்டாவுக்கு. மற்றவர்களுடைய பலகைகள் கடல் குடித்துக் குடித்துக் கறுத்திருந்தன, இவளுடையது மட்டும் அறுத்த இடத்தில் மஞ்சளாக இருந்தது.

உள்நாட்டிலிருந்து சின்ன லாரியில் செம்மண் வந்தது, சாணி வந்தது, தென்னையும் அடம்பங்கொடியும் தவிர ஒன்றும் முளைக்காத அந்த ஊரில் கத்திரி பூத்தது, மிளகாய் காய்த்தது, எஸ்கலின் வைத்த பிச்சிக்கொடி சுவரைப் பிடித்து ஏறியது, மெற்றில்டா வைத்த தக்காளி பழுத்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பெண்கள் காலையில் தண்ணீர் ஊற்றும்போது மெதுவாக எதையோ பேசிக்கொண்டே ஊற்றினார்கள், அது செடியிடம் பேசுகிற பேச்சில்லை.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பான தவசுகாலம் தொடங்கின வாரத்தில், சுவரோரம் வைத்திருந்த எஸ்கலினின் பெட்டி வாசல்படிக்கு வந்திருந்தது. பிச்சிக்கொடி சுவரிலிருந்து பிய்ந்து தொங்கியது. யாரோ நகர்த்திவிட்டார்கள் என்று நாலு பேரைக் கூட்டி மறுபடி சுவரோரம் வைத்தாள். மறுநாள் பெட்டி தெருவுக்கு வந்துவிட்டது. அதே நாள் மற்றப் பெட்டிகளும் இடம் மாறியிருந்தன. அவை நகர்வதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் பெட்டி பெட்டியாக இருக்கும், உள்ளே பால் பொங்குகிறது என்று ஓடிவிட்டுத் திரும்பி வந்தால் ஒரு முழம் தள்ளி இருக்கும். நாலு பெட்டிகள் கடலைப் பார்த்துப் போவது தெரிந்தபிறகு யாரும் பிடித்து இழுத்து வைக்கவில்லை.

ஊருக்கு அது பழகிப்போவதற்கு அதிக நாள் பிடிக்கவில்லை. பெட்டி போகிற பாதையில் ஆட்டோ நிறுத்துவதை விட்டார்கள். ஒரு பெட்டி அடுத்த வீட்டு மதிலில் போய் முட்டி நின்றபோது அந்த வீட்டுக்காரர், வேலிக்காக அந்தப் பெட்டிக்காரியின் புருஷனோடு பல வருஷம் பேசாமல் இருந்தவர், ஒரு வார்த்தை சொல்லாமல் கடப்பாரையால் மதிலை உடைத்து வழி விட்டார். இன்னொன்று ஒரு வீட்டு அடுக்களைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. உள்ளே இருந்தவரைக்கும் அந்த வீட்டுக்காரி அதிலிருந்து ஒரு மிளகாய்கூடப் பறிக்காமல் கடையில் வாங்கிக் குழம்பு வைத்தாள். மீன் ஏலம் போடுகிறவர்கள் ஏலத்தைக் கொஞ்சம் கிழக்கே தள்ளி வைத்துக்கொண்டார்கள். சாமியார் முதல் இரண்டு ஞாயிறும் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு, பிரசங்கம் முடிந்து, திருமண அறிவிப்புகளுக்கும் கோயில் வரி பாக்கி அறிவிப்புக்கும் நடுவில், பெட்டிகளின் வழியில் வலை காயப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பெரிய வியாழனன்று எஸ்கலினின் பெட்டி ஈரமணலைத் தொட்டது. ஊரே கரையில் நின்றது. ஓர் அலை வந்து பெட்டியின் அடியை நனைத்தது, இன்னோர் அலை வந்து தூக்கியது, அதன்பிறகு பெட்டி அலைக்கு எதிராக, பிச்சிக்கொடி நிமிர்ந்தபடி, மண் ஒரு பிடி சிந்தாமல், யாரோ துடுப்புப் போடுவதுபோலப் போனது. எஸ்கலின் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அந்தத் தொண்டை திரும்பி வந்தது. "இந்தா போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகப்பிடாதா," என்று அவள் கத்தினது அடுத்த துறை வரைக்கும் கேட்டது என்றார்கள். மற்ற மூன்று பெட்டிகளும் அடுத்தடுத்துப் போயின. பாஸ்குத் திருநாள் முடிந்ததும் நாலு பேருக்கும் பூசை வைத்தார்கள், மணி அடித்தார்கள், நாலு பெண்களும் தாலியைக் கழற்றி மாதா காலடியில் வைத்தார்கள், கல்லறைத் தோட்டத்தில் வெறும் மணலில் நாலு சிலுவை நட்டார்கள். இப்போது அவர்களால் சாப்பிட முடிந்தது. எஸ்கலின் மீன் விற்கக்கூடப் போனாள்.

மெற்றில்டாவின் பெட்டி வடக்கே போனது.

முதலில் எதிர்த்த வீட்டு வாசல், பிறகு சிலுவை நிற்கிற குருசடி, பிறகு பெரிய ரோடு. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தக்காளிப் பழங்கள் ஆட ஆட, அது மலைப்பக்கம் பார்த்துப் போனது. அதற்கு என்ன அர்த்தம் என்று முதலில் வாய்விட்டுச் சொன்னது பெர்பெத்தம்மா.

"எம்மவன் இருக்கான்," என்றாள். "செத்தவங்களுக்க பெட்டி செத்தவங்ககிட்டப் போச்சு. எம்மவனுக்க பெட்டி அவன்கிட்டப் போவுது. அவன் கரையேறியிருக்கான் மக்ளே. எங்கயோ இருக்கான்."

"மாமி..."

"நீ பேசாத. நீ கூடப் போ."

சாமியாரிடம் மெற்றில்டா போய், ஐந்தாவது பூசையையும் வைத்துவிடுங்கள் என்று கேட்டாள். அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைப் போட்டு, மூடியை எடுத்து, "உயிரோட இருக்கிற ஆளுக்கு எப்படிம்மா வைக்கிறது?" என்றார். "இருக்காருன்னு நான் சொல்லல. இல்லைன்னும் எனக்குச் சொல்ல முடியாதே."

பெட்டி பெரிய ரோட்டைக் கடந்த அன்றிலிருந்து கொஞ்சம் வேகம் பிடித்தது. முழக்கணக்குப் போய்ப் பனை உயரக்கணக்கு ஆனது. மெற்றில்டா காலையில் பஸ் ஏறி, முந்தின நாள் விட்ட இடத்துக்குப் போய், அங்கே காணாமல், கொஞ்சம் முன்னால் போய்க் கண்டுபிடிப்பாள், தண்ணீர் ஊற்றுவாள், பக்கத்திலேயே நாளெல்லாம் இருந்துவிட்டுக் கடைசிப் பஸ்ஸில் திரும்புவாள். கண்டக்டர்களுக்குப் பழகிவிட்டது. "பெட்டி எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டு, அவள் சொல்லுகிற இடத்தில் ஸ்டாப் இல்லாவிட்டாலும் விசில் கொடுத்தார்கள். வாழைத்தோட்டத்துக்காரர்கள் வரப்பை வெட்டி வழி விட்டார்கள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தலுக்குள் பெட்டி போய் நின்றது. தாலி கட்டி முடிகிறவரைக்கும் அங்கேயே நின்றது. நல்ல சகுனம் என்று மஞ்சளும் குங்குமமும் வைத்து, மெற்றில்டாவுக்கும் இலை போட்டார்கள்.

ஊரில் அவளுக்கு இருந்த இடம்தான் மாறிவிட்டது. நாலு பெண்களும் அவளோடு சேர்ந்து தண்ணீருக்குப் போவதை விட்டார்கள். அவள் வந்தால் பேச்சு நின்றது. ஆள் உயிரோடு இருந்தும் ஏன் வரவில்லை, இவள் என்ன செய்து துரத்தினாள், உள்நாட்டுக்காரிக்கு உள்நாட்டில்தானே வேலை என்று பேச்சு இருந்தது. அப்படிப் பேசின வாய்களே விடிந்ததும் தனித்தனியாக அவளிடம் வந்து நின்றன. ஒருத்தி ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தாள். இன்னொருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்டா கேளு. கடைசில எம் மாப்பிள கூட லிகோரிதான இருந்திருப்பான். அவுரு தண்ணி கேட்டாரா, என்னமாவது சொன்னாரா, அது மட்டும் கேட்டுட்டு வா," என்றாள். எஸ்கலின் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சிகரெட் பாக்கெட்டைக் கொடுத்து, "இது அவுரு லிகோரிக்குக் குடுக்கணும்னு வாங்கி வச்சது," என்றாள்.

இத்தனை பேருடைய வார்த்தையையும் சுமந்துகொண்டு பெட்டிக்குப் பின்னால் போனவளுக்கு, எப்போது என்று தெரியாமல், அவன் இருக்கிறான் என்கிற அந்த நோய் தொற்றிவிட்டது. மீன் அரிந்த அந்த மத்தியானத்தில் அவளுக்குத் தெரிந்த விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப்போனது. பஸ்ஸில் முன் சீட்டில் யாருக்காவது பிடரி முடி சுருண்டிருந்தால் எழுந்துபோய் முகத்தைப் பார்த்தாள். அவனைக் கண்டதும் என்ன சொல்வது என்று யோசித்தாள், முதலில் திட்டுவதா, இல்லை ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்காருவதா என்று யோசித்தாள், அலையில் அடிபட்டு நினைவு தப்பி யாருடைய வீட்டிலாவது பெயர் தெரியாமல் கிடக்கிறானோ என்று யோசித்தாள், வேறு எவளோடாவது இருந்தாலும் பரவாயில்லை இருந்தால் போதும் என்றுகூட யோசித்தாள். முகத்துக்குப் பவுடர் போட ஆரம்பித்தாள். பெர்பெத்தம்மா அவன் சட்டைகளை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள்.

மழைக்காலம் தொடங்கினபோது பெட்டி மலையடிவாரத்துக்கு வந்துவிட்டது. அங்கிருந்து போய்த் திரும்ப பஸ் இல்லை. மெற்றில்டா ஒரு மாற்றுப் புடவையோடு போய், வழியிலுள்ள கோயில்களில் படுத்துக்கொண்டு, முந்திரி உடைக்கிற இடங்களில் அரைநாள் வேலை பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டு, பெட்டியோடேயே நடந்தாள். மழை தக்காளிச் செடியை அழுகடித்தது. தண்டு மட்டும் நின்றது. அட்டைகள் காலைக் கடித்தன. இருந்தும் அந்த நாட்களில்தான் அவள் சந்தோஷமாக இருந்தாள். இவ்வளவு தூரத்துக்கு ஒரு பலகை காரணமில்லாமல் வருமா என்று கேட்டுக்கொண்டே நடந்தாள்.

ரப்பர்த் தோட்டத்துக்குள், பால் பிடிக்க வரிசை வரிசையாகச் சிரட்டை கட்டின மரங்களுக்கு நடுவே, ஓடை ஓடுகிற இடத்தில் பெட்டி நின்றது. மத்தியான நேரம். பக்கத்தில் வீடு எதுவும் இல்லை. அவள் தலையை வாரி முடித்துக்கொண்டு காத்திருந்தாள். பால் எடுக்கிற வாளியோடு ஒரு பெண் வந்தாள். சரசம் என்று பெயர், அந்தத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள்.

"யாரத் தேடுதிய?"

"இங்க லிகோரின்னு ஒருத்தரு... கடக்கரைக்காரரு. நெத்தில ஒரு தழும்பு இருக்கும்."

"இங்கயா? இங்க நானும் எம் மாப்பிளையும்தான். கடக்கரைக்காரரு இங்க எதுக்கு வாராரு?"

"பக்கத்துல வீடு?"

"அந்தால மேல ஏறினா காடு."

அன்று முழுக்கப் பெட்டி அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. மெற்றில்டா கண்ணை மூடிப் பார்த்தாள், திரும்பி நின்று பார்த்தாள், ஓடைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தாள். பெட்டி நின்ற இடத்தில் நின்றது. அப்போதுதான் பெட்டிக்கு அந்தப் பக்கம், புதருக்குள், பெரிய ஒரு மரத்தின் அடிக்கட்டை இருப்பதைக் கண்டாள். நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு அகலம். வெட்டுவாய் மஞ்சளாக இருந்தது. பெட்டியின் பக்கப்பலகை, இருந்திருந்து கண்டுபிடித்த உறவைப்போல, அந்தக் கட்டையோடு ஒட்டி நின்றது. பலகையின் ஓரத்தில், நீலச்சாயத்தைக் கிழித்துக்கொண்டு, ஓர் இலை விட்டிருந்தது.

"அது அயினி," என்றாள் சரசம். "போன வருசம் பாஸ்குக்கு முன்ன வெட்டினாவ. வள்ளத்துக்குப் பலகைன்னு லாரில ஏத்திட்டுப் போனாவ. இவ்வளவு பெரிய மரம், விழும்போ இந்த மலையே அதிந்தது பாத்துக்கிடுங்க."

மெற்றில்டா உட்கார்ந்துவிட்டாள். போன வருஷப் பாஸ்குக்குப் பிறகு அணியத்துப் பலகை இற்றுப்போய்விட்டது என்று லிகோரிதான் மரக்கடைக்குப் போய்ப் பார்த்து எடுத்து, வண்டிக்காரன் வராததால் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். தோல் உரிந்துபோன தோளுக்கு அவள்தான் எண்ணெய் தடவினாள். ஒரே ஒரு பருவம் கடலைப் பார்த்த பலகை. அதற்குக் கடலைத் தெரியாது, லிகோரியையும் தெரியாது, தான் நின்ற இடம் மட்டும் தெரியும், அங்கே வந்துவிட்டது. மற்ற நாலும் காலமெல்லாம் கடலில் ஊறின பலகைகள், அவை தங்களுக்குத் தெரிந்த இடத்துக்குப் போயின. எந்தப் பெட்டியும் யாரையும் தேடிப் போகவில்லை. இது அவளுக்கு ஒரே மூச்சில் விளங்கிவிட்டது, கூடவே அந்த மீன் அரிந்த மத்தியானமும் திரும்பி வந்தது, இரண்டாவது தடவை வந்தபோது அது முதல் தடவையைப்போல லேசாக இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுக்கிற கை இந்தமுறை அவளுக்கு இல்லை.

சரசம் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து கொடுத்தாள். மெற்றில்டா கருவாட்டுப் பொட்டலத்தையும் சிகரெட்டையும் அவளிடம் கொடுத்துவிட்டு, பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, மலையிறங்கினாள்.

சின்னமுனையில் அவள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே கூட்டம் இருந்தது. பெர்பெத்தம்மா அவளுக்குப் பின்னால் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கண்டியா?"

"இல்ல மாமி. அவிய இல்ல. பெட்டி அதுக்குப் பலகை வெட்டின மரத்துக்கிட்டப் போய் நின்னுட்டு. வேற ஒண்ணுமில்ல. அவிய அண்ணைக்கே..."

"வாயக் கழுவு," என்றாள் பெர்பெத்தம்மா. "அவன் என்னமாவது சொல்லியிருப்பான். வரமாட்டேன்னு சொன்னானா? வேற யாரும் இருக்காளா? எதுனாலும் சொல்லு. செத்தான்னு சொல்லாத."

கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை. தக்காளிக்காரி எதையோ மறைக்கிறாள் என்றுதான் அந்த முகங்கள் சொல்லின.

மறுநாள் காலையில் எஸ்கலின் வந்தாள். வந்ததிலிருந்து வாசலில் நின்றாளே தவிர உள்ளே வரவில்லை. முந்தானைக்குள் எதையோ பிடித்திருந்தாள். வள்ளத்தின் இடுக்கிலிருந்து எடுத்த அந்தத் தார்த்திரி, செபமாலைபோலப் பின்னி வைத்திருந்தாள்.

"நீ சொல்லுறது நெசமா?"

மெற்றில்டா தலையசைத்தாள்.

"பலகை மரத்துக்கிட்டப் போச்சு. அவ்வளவுதான்?"

"அவ்வளவுதான் அக்கா."

எஸ்கலின் அந்தத் திரியை விரலால் உருட்டினாள். "அப்போ என் பெட்டி எங்க போச்சு?" என்றாள். குரல் எழும்பவில்லை. "நான் பூசை வச்சிருக்கேன். சிலுவை நட்டிருக்கேன். தாலியக் கழத்திக் குடுத்திருக்கேன். அவுருகிட்டப் போச்சுன்னு நினைச்சுத்தான் இப்பம் படுத்தா கண்ண மூடுறேன். சொல்லு மெற்றில்டா. என் பெட்டி எங்க போச்சு?"

தெருவில் மற்ற மூன்று பெண்களும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் கிட்ட வரவில்லை, யாரும் போகவுமில்லை. மெற்றில்டா அவர்களைப் பார்த்தாள், எஸ்கலினின் விரல்களைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவுருகிட்டதான் அக்கா போச்சு," என்றாள்.

"நெசமா?"

"நெசமா. ததேயு அண்ணன்கிட்டதான்."

எஸ்கலின் மூச்சு விட்டாள். அப்படியே அந்தப் படியில் உட்கார்ந்தாள். பிறகு மெற்றில்டாவின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "அப்போ லிகோரியும் இருக்கான் மக்ளே," என்றாள், "இருக்கான். வருவான். நீ விட்டிராத."

நாலு பெட்டியும் ஆட்களிடம் போனதென்றால் ஐந்தாவதும் ஆளிடம்தான் போயிருக்கும், அதை மெற்றில்டாவே சொல்லியாகிவிட்டது.

கல்லறைத் திருநாள் அன்று சின்னமுனைக் கோயிலில் நிற்க இடமில்லை. இறந்தவர்களுடைய வீட்டுக்காரர்களுக்கு முன்வரிசை. அவர்கள் கையில் மெழுகுதிரி. எஸ்கலினும் மற்ற மூன்று பேரும் அங்கே, வெள்ளைப் புடவையில், ஒருவர் தோளை ஒருவர் தொட்டுக்கொண்டு நின்றார்கள். மெற்றில்டா நடுவரிசையில், கழுத்தில் தாலியோடு, பூப்போட்ட புடவையில், வெறுங்கையோடு நின்றாள். அவள் வெள்ளை கட்டியிருந்ததைப் பெர்பெத்தம்மாதான் விடியுமுன் அவிழ்த்து மாற்றச் சொன்னாள். சாமியார் அந்த வருஷம் இறந்தவர்களுடைய பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். வயதாகிச் செத்தவர்கள் வந்தார்கள், காய்ச்சலில் செத்த குழந்தை வந்தது, ததேயு வந்தார், அவர் கூடப் போனவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், ஒவ்வொரு பெயருக்கும் முன்வரிசையில் ஒரு திரி எரிந்தது. நாலாவது பெயருக்குப் பிறகு சாமியார் ஒரு கணம் நிறுத்தி, மெற்றில்டா நின்ற பக்கம் பார்க்காமல், புத்தகத்தை மூடினார்.

பெர்பெத்தம்மா மருமகளின் கையை இறுகப் பிடித்தாள். கண்ணெல்லாம் நிறைந்து, முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியா மக்ளே," என்று காதில் சொன்னாள், "நம்ம ஆளுக்க பேரு வாசிக்கல."

"ஆமா மாமி," என்றாள் மெற்றில்டா.